அழிக்கிற நோட்டு வந்தாச்சு! ஏலக்காய்க் கணக்கு என்னாகும்?

எழுது. துடை. மறுபடி எழுது. ஒரே நோட்டு வருஷக்கணக்கில் உழைக்கும்!

இப்படி ஒரு சரக்கு சந்தைக்கு வந்திருக்கிறது. பெயர் 'ஸ்மார்ட் நோட்டு'. பார்வைக்குச் சாதாரண நோட்டுதான். தாள் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பு. அதற்கென்று உள்ள பேனாவால்தான் எழுத வேண்டும். எழுதிய பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்தால் போனில் சேர்ந்துவிடும். அப்புறம் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, பக்கம் பளிச்! அமெரிக்காவில் 'ராக்கெட்புக்' என்ற பெயரில் கிளம்பிய இந்த வியாபாரத்தை, பேனாவுக்குப் பேர்போன 'பிக்' கம்பெனி 2020-ல் விலைக்கு வாங்கிவிட்டது. விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க முடியாது.

நம்ம ஊருக்கு இது அப்படியொன்றும் புதுசும் இல்லை. சிலேட்டில் எழுதி, கோவை இலையால் துடைத்து, திரும்ப எழுதி வளர்ந்த ஊர்தானே இது! சிலேட்டுக்குப் போட்டோ எடுக்க வழியில்லை, அவ்வளவுதான்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிக்கு இந்த நோட்டு நன்றாகவே பயன்படும். ஏல நாளில் லாட் நம்பர், கேட்ட விலை, விட்ட விலை என்று கிறுக்கித் தள்ளுகிற தாள்கள் சாயங்காலமே குப்பைக்குப் போகின்றன. 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஓடுகிறது. அதில் ஏறுகிறவர் யாரைப் பார்க்கணும், என்ன வாங்கணும் என்று எழுதிக்கொள்ளலாம். ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் சரி, படிக்கிற பிள்ளைக்கும் சரி, தாராளமாக வாங்கட்டும். விலைதான் சாதா நோட்டைப் போலப் பல மடங்கு!

மலை மேலே கதை வேறு

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போகிறார்கள் கூலிப் பெண்கள். கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் பறித்து, சாயங்காலம் எடை போடுகிறார்கள். சில இடங்களில் நாள் கூலி. சில இடங்களில் குறித்த எடைக்கு மேலே பறித்தால் கிலோவுக்குக் கூடுதல் காசு. எல்லாம் கங்காணி கையிலிருக்கிற நோட்டில் ஏறுகிறது.

"எனக்கு எத்தனை கிலோ போட்டீங்கண்ணே?"

"எழுதியாச்சு, போக்கா!"

எத்தனை தோட்டத்தில் இந்தப் பேச்சு நடக்கிறதோ! இன்றைக்கு அந்த நோட்டில் மையால் எழுதியிருக்கிறது. அடித்தால் அடித்த கோடு தெரியும். திருத்தினால் திருத்தல் தெரியும். சம்பள நாளில் சண்டை வந்தால் விரித்துக் காட்டச் சொல்லலாம். துடைக்கிற நோட்டு வந்துவிட்டால்? தடயமே இருக்காது. போட்டோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, யார் போனில்? எழுதினவர் போனில்!

கங்காணி எல்லாம் கள்ளர் என்று யாரும் சொல்லவில்லை. நல்லவர் கையிலும் ஈரம் உண்டு. மழை சீசனில் சட்டை, பை, விரல் எதுவும் காய்வதில்லை. ஈரத்துணியில் அழிகிற எழுத்து ஈரக்கையில் நிற்குமா? சிக்னல் எட்டாத சரிவுகளும் ஏராளம். படம் பிடிக்க மறந்து துடைத்தால் அந்த நாள் உழைப்பே காணோம்.

சூடு பட்டாலும் ஆபத்து

இந்த நோட்டுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஜப்பான் பைலட் கம்பெனியின் 'ஃபிரிக்ஷன்' பேனா. சுமார் 60 டிகிரி சூட்டில் அந்த மையின் நிறம் மறைந்துவிடும். ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோர் அறையிலேயே 50 டிகிரி வாக்கில் சூடு வைக்கிறார்கள். அடுப்புப் பக்கம் இன்னும் அதிகம். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய ஜீப்பின் முன்பலகையில் வைத்தால் சொல்லவே வேண்டாம். கடுங்குளிரில் வைத்தால் மறைந்த நிறம் திரும்பும் என்கிறார்கள். கணக்குப் பார்க்க நோட்டைத் தூக்கிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்கு ஓடுவதா?

சட்டப் பத்திரங்களில் கையெழுத்துப் போட இந்தப் பேனா வேண்டாம் என்று செய்த கம்பெனியே சொல்கிறது. அதற்கு மேல் என்ன சாட்சி?

ஸ்டோரில்தான் சிறு விவசாயியின் வயிறே இருக்கிறது. ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் சுமாராக ஒரு கிலோதான் காய்ந்து வரும். காய்க்குக் காய் இது கொஞ்சம் கூடும், குறையும். அந்தக் கூடக்குறையில்தான் தகராறு பிறக்கிறது. போட்ட எடை எவ்வளவு என்ற ஒரு வரிதான் அவருக்குப் பிடிமானம். அந்த வரியை ஒருத்தர் மட்டும் துடைக்க முடியும் என்றால் தராசு எதற்கு?

கடைக்காரர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. விதிகள், கணக்குப் பதிவை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது என்கின்றன. தப்பாக எழுதியதைக் கோடு போட்டு அடித்து, சாட்சிக் கையெழுத்திட்டு, பிறகுதான் சரியானதை எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தாலும் எதைத் திருத்தினோம், எதை நீக்கினோம் என்ற பதிவு இருக்க வேண்டும். 'துடைத்தேன் சார்' என்றால் அதிகாரி சிரிக்க மாட்டார்!

கூலியும் எடையும் மையால் எழுதுகிற நோட்டிலேயே இருக்கட்டும். ஸ்மார்ட் நோட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற தோட்டங்கள், துடைக்கிறதுக்கு முன்னால் அந்தப் பக்கத்தின் படத்தைக் காய் பறித்தவர் போனுக்கும், காய் போட்டவர் போனுக்கும் அங்கேயே அனுப்பட்டும். போன் இல்லாத அக்காவுக்குக் கார்பன் தாள் வைத்த சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தால் முடிந்தது. எடைக்கல் பக்கத்தில் நின்றபடியே செய்கிற வேலை. ஜீப் கிளம்ப ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகாது.