பத்து வீடுகள் கொட்டை வாங்கினால் ஒரு ஏக்கர் பிழைக்கும்

சூரமங்கலம் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் மூட்டையோடு வந்து இறங்கும் விவசாயி, காய்களை எடுத்து அடுக்கி முடித்ததும் முதலில் தேடுவது சூடாக ஒரு டம்ளர் காபியோ டீயோதான். அந்தக் காபித்தூள் எங்கே விளைந்தது, எப்போது அரைத்தது, அதில் காபி எவ்வளவு என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

மிளகாய் விஷயத்தில் நாம் அப்படியா இருக்கிறோம்? வற்றலை வாங்கி, வெயிலில் காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லுக்குத் தூக்கிப் போகிறோம். முன்னால் அரைத்தவரின் தூள் நம்முடையதில் கலந்துவிடக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குகிறோம். மஞ்சளும் மல்லியும் அப்படித்தான். கடைத் தூளில் மணம் இருக்காது, கலப்படம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இவ்வளவு விவரம் தெரிந்த நாம், காபிக்கு மட்டும் பொட்டலத்தை நம்பிவிடுகிறோம்.

இதை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. காபியைக் கொட்டையாக வாங்கி வீட்டில் அரைக்க வேண்டும். ருசி அதற்கு முதல் காரணம். நம் தலைக்கு மேலே இருக்கும் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் காபி பயிரிடும் சிறு விவசாயியின் வருமானம் இரண்டாவது காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மணம் எங்கே போகிறது?

பச்சைக் காபிக்கொட்டையில் நாம் விரும்பும் மணம் கிடையாது. வறுக்கும்போதுதான் அது உண்டாகிறது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயுவும் மணம் தரும் எண்ணெய்ப் பொருட்களும் அடைபட்டிருக்கும். கொட்டை முழுதாக இருக்கும்வரை அவை மெதுவாகவே வெளியேறும். அரைத்தவுடன் ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகளாகிறது. ஒவ்வொரு துகளின் மீதும் காற்று படுகிறது. அரைக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அது டிகாஷனில் இறங்கியிருக்க வேண்டிய மணம்.

வறுத்த கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். தூள் சில நாளிலேயே மணம் இழக்கும். பச்சைக்கொட்டையோ ஈரம் படாமல் இருந்தால் பல மாதம் தாங்கும். நெல்லாக வைத்தால் கெடாதது அரிசியாக வைத்தால் வண்டு பிடிப்பது போலத்தான் இதுவும்.

இன்னொரு விஷயம் நம்பகம். கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தால் உடைந்தது, கருத்தது, பூச்சி துளைத்தது எல்லாம் தெரிந்துவிடும். தூளாகிவிட்டால் எல்லாம் ஒரே நிறம்.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சிக்கரி கலப்பது சட்டப்படி குற்றம் இல்லை. காபி–சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். எது எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை வாங்கும்போது அந்தச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

சிக்கரி ஒரு செடியின் கிழங்கு. நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாஷன் கருப்பாக, கெட்டியாக இறங்கும். சிலருக்கு அந்தச் சுவை பிடிக்கும், விலையும் குறைவு. அதைக் குறை சொல்லவில்லை. சிக்கரி வேண்டுமென்றால் தனியாக வாங்கி, வேண்டிய அளவு நாமே கலந்துகொள்ளலாம். நூறு கிராமுக்கு ஐம்பது கிராமா, பத்து கிராமா என்பதைக் குடிப்பவர் முடிவு செய்யட்டும்.

மேலே விளைகிறது, கீழே வருவதில்லை

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் காபித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்தார். ஆக, இருநூறு ஆண்டுப் பயிர். சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிக்கு நடுவே விளையும் அராபிகா. கொல்லிமலையிலும் மிளகோடு காபி உண்டு. பெரிய எஸ்டேட்டுகள் ஒருபுறம் இருக்க, ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலைவாழ் விவசாயிகள் பலர்.

மலைக்கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன்: “தம்பி, உங்க தோட்டத்துக் காபியை வீட்டுல போட்டுக் குடிப்பீங்களா?” அவர் சிரித்துக்கொண்டே, “எங்கண்ணே, பழமாவே எடை போட்டுக் குடுத்துடறோம். குடிக்கறதுக்குக் கடையில பாக்கெட்டுத்தான் வாங்கறோம்” என்றார். அன்றைக்கு அவர் வீட்டில் எனக்குக் கொடுத்த காபியும் சிக்கரி கலந்த பாக்கெட் காபிதான்.

இதில் அவர்மீது மட்டும் தவறு சொல்ல முடியாது. 1942-இல் காபிச் சட்டம் வந்து காபி வாரியம் அமைந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள், விளைந்த காபியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுக்க வேண்டும் என்பதே நடைமுறை. பணம் தவணை தவணையாக வரும். 1990-களில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாக விலகி, விவசாயி தன் காபியைத் தானே விற்கும் உரிமை வந்தது. உரிமை வந்தாலும் பழக்கம் வரவில்லை. வாரியம் இருந்த இடத்தில் வியாபாரி வந்தார். இந்தியக் காபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்றும் ஏற்றுமதியாகிறது. பிரேசிலில் வறட்சி என்றால் இங்கே விலை ஏறுகிறது. அங்கே விளைச்சல் நன்றாக இருந்தால் இங்கே சரிகிறது. அடிவாரத்தில் தினமும் காபி குடிக்கும் லட்சக்கணக்கான பேர் இருந்தும், நம் மலை விவசாயி பிரேசில் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு

ஏறத்தாழ 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும். வறுத்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் குறையும். ஆக, 1 கிலோ வறுத்த கொட்டைக்கு சுமார் 7 கிலோ பழம் வேண்டும்.

சிக்கரி கலக்காத ஒரு கிலோ காபித்தூளின் கடை விலையை 7-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையை, மலையில் ஒரு கிலோ பழத்துக்குக் கொடுக்கும் விலையோடு வைத்துப் பாருங்கள். உலர்த்த, வறுக்க, பொட்டலமிட ஆகும் செலவைக் கழித்த பிறகும் நடுவில் எவ்வளவு நிற்கிறது என்பது அந்தப் பருவத்து விலையிலேயே தெரிந்துவிடும்.

இனி வீட்டுக் கணக்கு. ஒரு டம்ளர் பில்டர் காபிக்கு 10 கிராம் தூள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு காபி என்றால் நாளுக்கு 40 கிராம், மாதத்துக்கு 1.2 கிலோ, ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேல். அதாவது ஒரு வீடு ஓர் ஆண்டில் குடிப்பது சுமார் 100 கிலோ பழம். ஒரு ஏக்கரில் 180 கிலோ பச்சைக்கொட்டை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், வறுத்தபின் சுமார் 150 கிலோ. சூரமங்கலத்தில் ஒரு தெருவில் பத்து வீடுகள் அந்தக் கொட்டையை வாங்கினால், ஏற்காட்டில் ஒரு ஏக்கரின் விளைச்சல் முழுவதும் விற்றுவிடும். இதற்கு ஏற்றுமதி உரிமமும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பத்து வீடுகளும் தூள் கேட்டால் கணக்கு மாறிவிடும். தூள் விற்க வேண்டுமென்றால் அரைக்கும் இயந்திரம், மணம் போகாத பை, வாரத்துக்குள் விற்றுத் தீர்க்கும் அவசரம் எல்லாம் விவசாயியின் தலையில் விழும். கொட்டை என்றால் அவருக்கு அவகாசம் கிடைக்கிறது. அரைக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொண்டால், அவரால் விற்க முடியும். வீட்டில் மிக்ஸி ஓடுவதற்கும் மலையில் வருமானம் உயர்வதற்கும் உள்ள தொடர்பு இதுதான்.

வீட்டில் எப்படி அரைப்பது?

• கேட்டு வாங்குங்கள்: ‘பிளான்டேஷன்’ என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா. ‘செர்ரி’ என்றால் பழத்தோடு உலர்த்தியது. ‘பீபெரி’ என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒன்றாக உருண்டு விளைந்த கொட்டை. எப்போது வறுத்தது என்பதையும் கேளுங்கள்.

• மிக்ஸியில் அரைப்பதானால் ஈரமில்லாத சின்ன ஜாரில், விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மணம் போகும். மிளகாய் அரைத்த ஜார் ஆகாது.

• பில்டருக்கு நடுத்தரமான பொடி வேண்டும். மாவாக அரைத்தால் துளை அடைத்து டிகாஷன் இறங்காது. ரவையாக இருந்தால் தண்ணீராக இறங்கும். பரணில் பழைய கைமெஷின் கிடந்தால் துடைத்து எடுங்கள். பொடி ஒரே சீராக விழும்.

• இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். மீதிக் கொட்டை காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். அடிக்கடி பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரம் கோக்கும்.

• பச்சைக்கொட்டை கிடைத்தால் இரும்பு வாணலியில் மிதமான தீயில், கை விடாமல் கிளறி வறுக்கலாம். பட் பட்டென்று வெடித்து, பழுப்பு நிறம் வந்ததும் இறக்கி, முறத்தில் பரப்பி உடனே ஆறவையுங்கள். புகை வரும்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். மறுநாள் அரைத்தால் சுவை கூடும்.

இடையூறுகளும் உண்டு

காலையில் பால் கறக்கவும் தண்ணீர் கட்டவும் ஓடும் வீட்டில் காபி அரைக்க யாருக்கு நேரம் என்று பெண்கள் கேட்பது நியாயம். எல்லா வேலையையும் போல இதுவும் அவர்கள் தலையில் விழக் கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிட வேலை. காபி கேட்கும் ஆண்களே அரைக்கலாம்.

மலையில் எல்லோரும் நல்ல கொட்டை தருவார்கள் என்றும் சொல்ல முடியாது. காயும் பழமுமாகச் சேர்த்துப் பறித்தால், மண்தரையில் உலர்த்தினால், ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு இறங்காமல் மூட்டை கட்டினால், எத்தனை நன்றாக அரைத்தாலும் பூசணவாடைதான் வரும். நல்ல விலை வேண்டுமென்றால் பழுத்ததை மட்டும் பறிக்கும் ஒழுங்கும் வேண்டும். தனியாகப் பழத்தோல் நீக்கும் இயந்திரமும் வறுப்பானும் வாங்குவது ஒரு ஏக்கர்காரருக்குக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை.

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு இதற்கு வழிகாட்டுகிறது. அங்கே பழங்குடி விவசாயிகளின் காபியை மாநில அரசின் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் வாங்கி, ஊர்ப் பெயரிலேயே விற்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து இந்தியக் காபிகளில் அரக்கும் ஒன்று. அந்த ஐந்தில் தமிழகக் காபி ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் காபி வாரியத்தின் வட்டாரக் காபிப் பட்டியலில் ‘சேர்வராய்ஸ்’ என்ற பெயர் இருக்கிறது. பெயர் ஏட்டில் இருக்கிறது, கடையில் இல்லை.

யார் என்ன செய்யலாம்?

மலைக்கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சேர்ந்து ஒரு வறுப்பான் வைக்கலாம். வறுக்கும், அரைக்கும் இயந்திரங்களுக்குக் காபி வாரியம் மானியத் திட்டங்கள் நடத்தி வந்திருக்கிறது; வறுப்பதற்கும் சுவை பார்ப்பதற்கும் பயிற்சியும் தருகிறது. இந்த விவரம் மலைக்குப் போய்ச் சேர வேண்டும். வேளாண், தோட்டக்கலைத் துறைக் களப்பணியாளர்கள் பறிப்புப் பருவம் தொடங்கும் முன்பே, அதாவது அக்டோபரிலேயே, இதைக் கிராமக் கூட்டத்தில் பேச வேண்டும். ஜனவரியில் பேசினால் பழம் ஏற்கெனவே லாரி ஏறியிருக்கும்.

சூரமங்கலம் உழவர் சந்தையில் வாரத்தில் ஒரு நாளாவது, மலை விவசாயிகள் வறுத்த கொட்டை விற்க அதிகாரிகள் இடம் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அரவை மெஷின் இருந்தால், மிக்ஸி இல்லாதவர்களும் கண்முன்னே அரைத்து வாங்கிப் போவார்கள்.

சமவெளியில் இருக்கும் நாமும் ஒன்று செய்யலாம். இடைத்தரகர் இல்லாமல் நம் கத்தரிக்காய் வாடிக்கையாளரிடம் போக வேண்டும் என்று கேட்டுத்தான் உழவர் சந்தையைப் பெற்றோம். மேலே இருக்கும் விவசாயிக்கு நாம் வாடிக்கையாளர்கள். அடுத்த மாதம் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறவர்கள், தோட்டம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு கிலோ கொட்டை கேட்டு வாங்கி வாருங்கள். அவருடைய போன் எண்ணையும் வாங்கி வாருங்கள். மாதம் ஒரு முறை பேச அது உதவும்.