செவிக்குள் ஒரு கச்சேரி

பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாய் இறங்கும் ஒழுங்கையொன்றில் நம் நண்பர் ஒருவரின் இல்லம் உள்ளது. சென்ற வாரம் அங்குச் சென்றிருந்தோம். நண்பரின் மகன் பல்கலைக்கழக மாணவன். சிறு நெல்லிக்காயளவே உள்ள இரு கருவிகளை நம் கையில் வைத்து, "மாமா, இதைக் காதுக்குள்ள போட்டுக் கேட்டுப் பாருங்கோ" என்றான். கனடாவிலுள்ள பெரியப்பா அனுப்பியதாம். விலை சில இலட்சம் ரூபா என்றறிந்ததும் நம் கை சற்றே நடுங்கியது.

1925ஆம் ஆண்டு டிசெம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியபோது, படிகப் பெட்டி வைத்திருந்தவர்களும் காதிற் கருவி மாட்டியே கேட்டனர். ஒலி கேட்டதே அன்று அதிசயம். இன்றோ ஒலியின் நுட்பத்தைத் தேடுகின்றோம்.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் பழைய தவில் ஒலிப்பதிவொன்றைக் கேட்டோம். முதலில் ஏமாற்றமே. தவிலின் கனத்த ஓசையைக் காணோம்! மாணவன் நகைத்து, செவித்துளைக்குப் பொருந்தும் வேறு இறப்பர் முனைகளை மாட்டினான். துளை இறுக மூடாவிடின் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடுமாம். பின்னர்க் கேட்டதோ வேறு கச்சேரி! விரற் கூடுகளின் தட்டலும் கழியின் அடியும் தனித்தனியே ஒலித்தன. ஒலிநாடாவின் இரைச்சலும் உடன் கேட்டது. நல்ல கருவி நல்லதை மாத்திரமன்றிக் குறையையும் மறையாது காட்டும் போலும்.

இத்தகைய கருவிகள் பலவற்றில், காந்தங்களிடையே நடுநிலையில் நிற்கும் மெல்லிய உலோக நாவொன்று அசைந்து ஒலியெழுப்புகின்றது. இப்பொறி செவிப்புலன் குன்றியோரின் கருவிகளிற் பெருவழக்காயிருந்து, பின்னரே இசைப்பிரியர்களிடம் வந்தது. அருகே சாய்மனைக் கதிரையில் நண்பரின் தந்தையார் அத்தகைய செவிப்புலன் கருவியொன்றை அணிந்தே அமர்ந்திருந்தார். அச்சகத்தில் முப்பது ஆண்டு உழைத்தவர் அவர்.

நாம் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கையில் மேசைமீதிருந்த தேநீர்க் கோப்பை அதிர்ந்தது. விழித்தோம். கரையோரப் புகையிரதம் கடந்துகொண்டிருந்தது. அதன் ஊதலும் நம் செவிக்கு எட்டவில்லை! வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அத் தண்டவாளத்தைக் கடந்தே நம் பிள்ளைகள் கடற்கரைக்குச் செல்கின்றனர். செவியை அடைத்துக்கொண்டு அதைக் கடப்பவனுக்கு எச்சரிக்கை எங்ஙனம் எட்டும்?

இன்னோர் ஆபத்து மெல்ல வருவது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 90 டெசிபலுக்கு உயர்த்தினாலோ வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும், செவியை நன்கு மூடும் கருவியில் ஒரு நன்மையுண்டு: வெளியிரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்த வேண்டியதில்லை. ஆகவே வீட்டிலிருந்து மெல்லக் கேட்பவனுக்கு அது நண்பன். வீதியில் உரக்கக் கேட்பவனுக்குப் பகைவன்.

விடைபெறுகையில் முதியவர் பேரனை அழைத்துச் சொன்னார்: "அச்சகத்துச் சத்தத்தை நான் சம்பளத்துக்குக் கேட்டனான் தம்பி, நீ காசு குடுத்துக் காதைக் கெடுக்காதை."

மாணவன் மறுமொழி கூறவில்லை. ஆயினும் ஒலியைச் சற்றே குறைத்ததை நாம் கண்டோம்.