எந்தப் பெட்டி வாங்குவது?



கப்பலில் பணியாற்றும் நம் பங்கின் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது நம்மிடம் ஓர் ஐயம் வினவினார். அவர்தம் தந்தையார் 1980-களில் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த ஆம்ப்ளிஃபயரும் இரு பெரிய ஸ்பீக்கர்களும் இன்றும் பழுதின்றி உள்ளன. டேப் ஓடும் பகுதி மட்டும் ஓய்ந்துவிட்டது. "சாமி, இப்போது எல்லாரும் ஸ்ட்ரீமர் என்று ஒன்றை வைத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். எதை வாங்கலாம்?" என்றார். இதே வினாவை வேறு வேறு வடிவில் மூன்று நான்கு இல்லங்களில் கேட்டாயிற்று. ஆகவே இம்மாதம் இதனையே எழுத எண்ணினோம். குருமடத்தில் நமக்கு மெய்யியலும் இலத்தீனும் கற்பித்தார்கள், மின்னணுவியல் கற்பிக்கவில்லை. அதனை இசையின் மீதுள்ள ஆசையினால் பிற்காலத்தில் நாமே தேடிக் கற்க வேண்டியதாயிற்று.

புன்னைக்காயலாருக்குத் தொலைவிலிருந்து வரும் பாட்டு புதிதன்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் கரையில் உள்ளூர் நிலையம்போலவே ஒலித்தது. மயில்வாகனனாரின் குரலைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. மத்திய அலை நிலத்தைவிட உப்புநீரின் மீது நெடுந்தூரம் வலிமை குன்றாமல் செல்லும். கொழும்புக்கும் நமக்கும் இடையே பெரும்பகுதி கடலே என்பதால் கிடைத்த நன்மை அது. அடுத்து, 1969-இல் மணிலாவில் ஒலிபரப்பைத் தொடங்கிய வெரித்தாஸ் வானொலி. அதன் தமிழ்ப்பணியைக் கேட்கச் சிற்றலை முள்ளை மயிரிழை அளவு திருப்பித் திருப்பி அமர்ந்திருந்த இல்லங்கள் எத்தனை! அவ்வொலிபரப்பு 2018-ஆம் ஆண்டின் நடுவில் சிற்றலையை விட்டு இணையத்திற்குச் சென்றுவிட்டது. முள்ளைத் திருப்பிய கைகளுக்கு அதன்பின் வேலையில்லை. அந்த வானொலிப் பெட்டியின் இடத்தில் இன்று வந்து அமர்வதுதான் ஸ்ட்ரீமர்.

அது என்ன செய்கிறது? இல்லத்து வை-ஃபை வழியாக இணையத்திலிருந்து பாடலை எண்களாகப் பெற்று, அவ்வெண்களை மீண்டும் ஒலியலையாக மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறது. அவ்வளவே. "கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டு வருகிறதே, தனிப் பெட்டி எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். புளூடூத்தில் பாட்டு கைப்பேசியின் வழியாகவே வருகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். மகன் விடியற்காலையில் கைப்பேசியை மடியில் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறினால் பாட்டும் அவனோடு கடலுக்குப் போய்விடும். வீட்டில் தாயார் வெறும் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்ட்ரீமரோ தானே இணையத்தோடு பேசுகிறது. கைப்பேசி அதற்கு ஏவல் சொல்லும் கோல் மட்டுமே. ஏவிய பின்னர்க் கைப்பேசி எங்குச் சென்றாலும் பாட்டு நிற்காது.

ஆனால் இதிலேயே ஒரு முடிச்சும் உண்டு. இல்லத்தில் தனி இணைய இணைப்பு இல்லாமல், அதே கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து ஸ்ட்ரீமரை ஓட்ட நினைப்பவர் பணத்தை வீணாக்க வேண்டாம். கைப்பேசி புறப்பட்டால் இணையமும் புறப்பட்டுவிடும். அத்தகைய இல்லத்திற்கு, பென்டிரைவ் செருகிக் கேட்கும் எளிய கருவியே போதும். பழைய திரைப்பாடல்கள் மட்டுமே வேண்டுமென்றால், 2017-இல் சரிகம நிறுவனம் வெளியிட்ட கேரவான் பெட்டியின் தமிழ் வகை 5000 பாடல்களை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது, இணையமே வேண்டா. உயர்ந்த ஒலித்தரத்தை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. ஆயினும் எழுபது வயது அன்னைக்கு அதைவிட உகந்த பரிசை நாம் கண்டதில்லை.

இணைப்பு உள்ள இல்லத்தார் மேலே படிக்கலாம். முதலில் பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரட்டைத் துளைகள் இருக்கும். ஆக்ஸ், டேப், டியூனர் என்று எழுதியுள்ள எதிலும் ஸ்ட்ரீமரைச் செருகலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் செருகலாகாது. அது இசைத்தட்டு முள்ளின் நுண்ணிய மின்குறிக்கென அமைந்தது, ஒலி சிதைந்து அலறும். பழைய ஆம்ப்ளிஃபயர் எண்களை அறியாது; எனவே ஸ்ட்ரீமருக்குள்ளேயே எண்ணை ஒலியாக்கும் 'டாக்' என்னும் பகுதியும், சிவப்பு வெள்ளை வெளியீடும் இருத்தல் வேண்டும். பெரும்பாலானவற்றில் இருக்கும். விலை உயர்ந்த சிலவற்றில் டாக் இல்லாமல், அதைத் தனியே வாங்கச் சொல்வார்கள். அவற்றைத் தொடவேண்டாம்.

கடைக்காரர் அடுத்தபடியாக எண்களை அடுக்குவார். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பார். அஞ்சவேண்டாம். 1982-இல் வெளிவந்த குறுந்தகடு, நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில் ஒலியைப் பதிவு செய்தது. இதனால் 22,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி பழுதின்றிக் கிடைக்கும். மனிதச் செவியின் எல்லையோ இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸ்தான். ஐம்பதைக் கடந்த நம் போன்றவர்க்கு அதில் கணிசமான பகுதி கழிந்துவிடுகிறது. எந்திரப் படகின் அருகிலேயே வாழ்நாளைக் கழித்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே குறுந்தகட்டின் தரம் போதும். அதற்குமேல் கேட்கும் காசு வௌவாலுக்குப் பயன்படலாம்.

சேவைகள் பாடலைச் சுருக்கி அனுப்பும்போது நொடிக்கு 320 கிலோபிட் என்ற அளவு நல்ல அளவு. ஒருமணி நேரத்திற்கு 144 மெகாபைட் செலவாகும். இழப்பின்றி அனுப்பும் முறையில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். நல்ல ஸ்பீக்கரில், அமைதியான அறையில், உற்றுக்கேட்டால் இரண்டிற்கும் வேறுபாடு சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரிவதில்லை. மேலும் பதிவே எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நம் பழைய திரைப்பாடல்களில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. 1978-இல் வந்த 'ப்ரியா' ஸ்டீரியோவில் பதிவானது என்று அந்நாளில் பெரும்பேச்சாக இருந்தது. அதற்கு முந்திய பாடலை எத்தனை உயர்ந்த பெட்டியில் ஓட்டினாலும் அது இரண்டாகப் பிரிந்து ஒலிக்கப்போவதில்லை. 2005-இல் இளையராஜா வெளியிட்ட 'திருவாசகம்' சிம்பொனி போன்ற பெரும் பதிவுகளில்தான் நல்ல கருவியின் அருமை விளங்கும். பாடகர் குழுவும் வாத்தியங்களும் தனித்தனி இடத்தில் நிற்பதைக் கேட்கலாம். அப்பணியில் ஒரு கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பார் அடிகளாரின் பங்கு இருந்தது என்பதையும் இடையே சொல்லிவைக்கிறோம்.

எந்த நிறுவனம்? விம் என்றொரு பெயர் இன்று மிகுதியாகக் கேட்கப்படுகிறது. பாத்திரம் துலக்கும் சோப்பல்ல. அதன் மினி என்னும் சிறுபெட்டியும், அமெரிக்காவில் 149 டாலருக்கு அறிமுகமான புரோ என்பதும் உண்டு. இங்கே வரியும் கப்பற்கூலியும் சேரும். பழைய செட்டோடு இணைக்க இவ்விரண்டில் ஒன்று போதும் என்பது நம் கருத்து. புளூசவுண்ட் நோட் போன்றவை அவற்றைவிடப் பன்மடங்கு விலை. உழைப்பும் பொறுமையும் உள்ள இளைஞர், ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் டாக் பலகை ஒன்றைப் பொருத்தி, வாலூமியோ என்னும் இலவச மென்பொருளை ஏற்றித் தாமே செய்துகொள்ளலாம். ஆனால் செய்தவர் கப்பலேறிய பின்பு அது நின்றுவிட்டால் வீட்டில் யார் பார்ப்பது?

இதனோடு தொடர்புடையது ரிமோட். விளம்பரங்களில் கைப்பேசிச் செயலியைத்தான் காட்டுகிறார்கள். பகலெல்லாம் வீட்டிலிருப்பவர் பெரியவர்கள் அல்லவா? 1 அழுத்தினால் வெரித்தாஸ், 2 அழுத்தினால் திருநெல்வேலி வானொலி, 3 அழுத்தினால் சீர்காழியார் பாட்டு என்று எண்விசைகளில் முன்பதிவு செய்துவைக்கக் கூடிய ரிமோட் உள்ள மாதிரியையே தேர்ந்துகொள்ளுங்கள். சில மாதிரிகளுக்கு ரிமோட்டைத் தனியே வாங்க வேண்டும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. ஸ்ட்ரீமர் தன்னந்தனியே பாடுவதில்லை. தூரத்தில் யாரோ ஒருவர் தொடர்ந்து நடத்தும் சேவையை நம்பியே பாடுகிறது. அவர் கடையைச் சாத்தினால் பெட்டி ஊமை. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்தது. நல்ல கருவி, மலிவும் கூட. 2019 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் அதனுள்ளிருந்த மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகி, உலகெங்கும் அக்கருவிகள் ஒரே நாளில் நின்றன. சில நாட்கள் கழித்தே திருத்தம் வந்தது. ஏர்டெலின் விங்க் இசைச் சேவை 2024-இல் மூடப்பட்டது. 2019-இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவிற்கு வந்த சில வாரங்களில் சரிகமவின் பாடல்கள், அதாவது பழைய எச்.எம்.வி. களஞ்சியம், வழக்கின் காரணமாக அதிலிருந்து நீங்கின. 2020-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே திரும்பின. மாறாக, லாஜிடெக் நிறுவனம் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளை 2012-லேயே கைவிட்டது. அவற்றுக்கான இணையச் சேவையையும் 2024-இல் மூடியது. ஆயினும் அவை இன்றும் பாடுகின்றன. ஏனெனில் அவற்றை இயக்கும் மென்பொருள் திறந்த உரிமமுடையது. ஆர்வலர்கள் அதனை லிரியான் என்ற பெயரில் பேணி வருகிறார்கள். எனவே வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இணையம் இல்லாதபோது, என் வீட்டிலுள்ள பாட்டை இது பாடுமா?" பென்டிரைவ் செருகும் வாய் இருக்கவேண்டும், அல்லது வீட்டுக் கணினியில் உள்ள பாடலை வை-ஃபை மூலம் எடுக்கும் டி.எல்.என்.ஏ. வசதி வேண்டும். மேலே சொன்ன மினி, புரோ இரண்டிலும் பின்னதுதான் உண்டு; பென்டிரைவிலிருந்து நேரே பாட வேண்டுமானால் அதே நிறுவனத்தின் அல்ட்ரா அளவிற்குப் போகவேண்டும். அதன் விலை அதிகம்.

வீட்டிலுள்ள பாட்டு என்றோமே, அது எது? நம் இல்லங்களின் அலமாரிகளில் கிடக்கும் ஒலிநாடாக்களைச் சொல்கிறோம். கப்பலிலிருந்து கணவர் பேசி அனுப்பிய நாடா. வீட்டிலிருந்து பிள்ளைகளின் மழலையைப் பதிந்து அவருக்கு அனுப்பிய நாடா. பெரிய வெள்ளிக்கிழமை இரவில் மூதாட்டியர் பாடிய ஒப்பாரி. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு. திருமண வீட்டில் பாட்டனார் பாடிய வாழ்த்து. இவற்றை எந்தச் சேவையும் விற்பதில்லை, எந்த நாட்டிலும் இவற்றிற்கு மறுபடி இல்லை. நாடாவோ உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், அண்டை ஊராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி பெருகி நம் ஊருக்குள் வந்ததும் நினைவிருக்கும். தண்ணீர் இறங்கிய பின்னர்ச் சேற்றில் கிடந்தவற்றுள் நாடாக்களும் இருந்தன.

ஆகவே, ஸ்ட்ரீமருக்கு ஒதுக்கிய தொகையில் முதற்பகுதியை, நல்ல நிலையிலுள்ள ஒரு டேப் டெக்கைப் பழுதுபார்க்கவும், அதைக் கணினியோடு இணைக்கும் சிறு யு.எஸ்.பி. கருவிக்கும் செலவிடுங்கள் என்கிறோம். பூஞ்சை பிடித்த நாடாவைச் சோதனைக்காக ஓட்டிப் பார்க்காதீர்கள். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். முதலில் டெக்கின் தலைப்பகுதியைச் சாராயம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, பாழான பழைய திரைப்பாடல் நாடாவொன்றை ஓட்டிப் பழகி, பதிவு சரியாக விழுகிறதென்று கண்டபின் அருமையானதைப் போடுங்கள். குறுந்தகட்டுத் தரத்தில் பதிந்தால், அறுபது நிமிட நாடா ஒன்றிற்கு 635 மெகாபைட் இடம் பிடிக்கும். ஃபிளாக் என்னும் வடிவில் சேமித்தால் ஏறக்குறையப் பாதியாகும்; தரம் சிறிதும் குறையாது. நூறு நாடாக்கள் 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் தாராளமாக அடங்கும்.

அதன் மறுபடி ஒன்றை வேறோர் ஊரில், மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள். நம் ஊருக்கு இது தெரிந்த பாடம். அண்ட்ரிக் அடிகளார் 1586-இல் தமிழில் அச்சேற்றிய 'அடியார் வரலாறு' நம் புன்னைக்காயலில்தான் அச்சாயிற்று என்பது அறிஞர் கருத்து. அந்த அச்சகம் இன்று இல்லை, எழுத்துக்கள் இல்லை, நம் ஊரில் ஒரு படிகூட எஞ்சவில்லை. நூலை நாம் இன்று அறிவது, ஒரு படி கடல்கடந்து வத்திக்கான் நூலகத்தில் போய் அமர்ந்திருந்ததனால்.

சில சில்லறைச் செய்திகள். பழைய ஸ்பீக்கரின் கூம்பு விளிம்பிலுள்ள நுரைப்பஞ்சு உதிர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அது உதிர்ந்த பின் எந்த ஸ்ட்ரீமரும் பயன்படாது. செருகிகளை ஆண்டுக்கு இருமுறை கழற்றித் துடைத்துச் செருகுங்கள், நம் காற்றில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடலைப் பார்த்த சன்னலருகே எதையும் வைக்கலாகாது. தரையிலும் வேண்டாம், சுவரில் இடுப்பளவுக்குமேல் பலகை அடித்து வையுங்கள்.

கணினியில் ஏற்றிய ஒவ்வொரு பதிவிற்கும் பாடியவர் பெயர், உறவு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைத் தமிழிலேயே பெயராக இடுங்கள். "டேப் 7, பக்கம் இரண்டு" என்று மட்டும் இட்டுவைத்தால், அதில் பாடுகிறவர் யாரென்று சொல்லக்கூடியவர் இப்போது வீட்டில் இருக்கிறார். அவரை அருகில் அமர்த்திக்கொண்டு கேட்டு எழுதுங்கள்.