மலைமுகாமில் எரியும் மண்ணெண்ணெய்

ஸோஜி லா கணவாயைப் பனி மூடுவதற்குள், லடாக்கிலுள்ள படைகளுக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய அத்தனையும் மேலே போய்ச் சேர வேண்டும். அரிசி, மருந்து, தோட்டாக்களோடு டீசலும் மண்ணெண்ணெயும் போகின்றன. சாலை இருக்கும்வரை லாரி. அதற்கு மேல் ஹெலிகாப்டர், கோவேறு கழுதை, மனிதத் தோள். சாதாரண டீசல் அந்தக் குளிரில் உறைந்துவிடும். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

இப்படிப் பாடுபட்டு ஏற்றும் எண்ணெயில் கணிசமான பங்கு, தங்குமிடத்தைச் சூடாக்கவே தீர்ந்துபோகிறது. புகாரி என்னும் தகர அடுப்பில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும். கரி கூடாரத்தில் படியும், வீரர்களின் நுரையீரலிலும் படியும். காற்றோட்டம் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

ஆகவே முகாம்களுக்கு மாற்று எரிசக்தி என்றதும் சோலார் பலகையிலிருந்து தொடங்குவது சரியல்ல. சுவரிலிருந்து தொடங்க வேண்டும். 2021 பிப்ரவரியில் லடாக்கின் பொறியாளர் சோனம் வாங்சுக் ராணுவத்துக்கென ஒரு கூடாரத்தை வடிவமைத்துக் காட்டினார். தெற்குப் பக்கம் பகல் வெயிலை வாங்கித் தேக்கிவைத்து, இரவில் படுக்கும் பகுதிக்கு விடுகிறது. முந்தைய இரவு வெளியே மைனஸ் 14 வரை இறங்கிய இடத்தில், இரவு பத்து மணிக்கு உள்ளே 15 டிகிரி இருந்ததாக அவர் பதிவிட்டார். சுமார் பத்துப் பேர் தங்கலாம். எந்தப் பாகமும் 30 கிலோவைத் தாண்டாது. ஆளே சுமந்து போகலாம். எரிபொருள் ஒரு சொட்டும் வேண்டாம்.

மின்சாரத்தின் சிக்கல் வேறு. லடாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. குளிரில் சோலார் பலகை இன்னும் நன்றாகவே வேலை செய்யும். சேமிப்பதில்தான் திணறல். சாதாரண லித்தியம் பேட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் பாழாகும். வடக்கு சிக்கிமில் 16,000 அடி உயரத்தில் 2021-இல் ராணுவம் தொடங்கிய 56 கேவிஏ சூரிய மின்நிலையத்தில் இருப்பது லித்தியம் அல்ல, வனேடியம் பேட்டரி. லடாக்கின் சுஷூலில் அரசு மின் நிறுவனமான என்டிபிசி ஹைட்ரஜனை நம்புகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, இரவில் மீண்டும் மின்சாரமாக்கி, 200 கிலோவாட்டை நாள் முழுக்கத் தருவது திட்டம். இந்தச் சுற்றில் பாதிக்கு மேல் இழப்பாகும். ஆனால் அந்த இழப்பில் பெரும்பகுதி வெப்பம். மற்ற ஊர்களில் வீணாகும் அந்தச் சூடு இங்கே விலைமதிப்பற்றது. அதைக் குழாய் வழியே பாசறைக்குள் திருப்பாவிட்டால் திட்டம் பாதிதான் நிறைவேறியதாகும்.

ஆப்கானிஸ்தானில் 2007-இல் 24 எரிபொருள் வாகன அணிகள் புறப்பட்டால் ஒருவர் மாண்டார் அல்லது காயமுற்றார் என்று அமெரிக்க ராணுவ ஆய்வே சொன்னது. நமது பாதைகளில் அந்த வேலையைப் பனிச்சரிவும் மண்சரிவும் செய்கின்றன. ஆகவே எத்தனை கிலோவாட் நிறுவினோம் என்ற கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு முகாமுக்கும் இந்தக் குளிர்காலத்தில் எத்தனை லிட்டர் குறைவாக ஏறியது என்று நாடாளுமன்றக் குழு கேட்க வேண்டும். ஜனவரியில் இன்வெர்ட்டர் நின்றால் கம்பெனி ஆள் வந்து சேரப் பனி உருக வேண்டும். கையுறையைக் கழற்றாமலே சிப்பாய் மாற்றக்கூடிய உதிரிபாகங்களும் அதற்கான பயிற்சியும் கருவிகளை வாங்கும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.