மூன்றாவது பின் எங்கே?

உங்கள் வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் பாட்டு நின்ற பிறகும் 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம் வருகிறதா? உடனே கடைக்கு ஓடாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைக் கழற்றி, அதில் எத்தனை பின் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று என்றால் சந்தோஷம். இரண்டுதான் என்றால், மூன்றாவதை உடைத்த புண்ணியவான் யார்?

போன கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போயிருந்தேன். சூரசம்ஹாரக் கூட்டத்தில் நசுங்கி, கடற்கரை மணலை உதறிக்கொண்டு அத்தை மகன் வீட்டில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் அவன் தனக்காகச் செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அந்த ஆடியோ சிஸ்டம். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, தனி ஆம்ப்ளிஃபயர்.

"அத்தான், ஒரு விஷயம் கேக்கணும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்னு ஒண்ணு வாங்கச் சொல்லுதாவ. அறுபத்தஞ்சாயிரம். கடலோர ஊருல்லா, கரண்ட் அழுக்கா இருக்கும், அது வந்தா சுத்தமாயிரும்ங்காவ."

"இப்ப என்ன பிரச்னை?"

"முன்னால உறுமிக்கிட்டே கெடந்துச்சு. எலக்ட்ரீஷியன் ஒரு பின்ன ஒடச்சுவிட்டான். உறுமல் போயிட்டு. ஆனா தொட்டா லேசா ஜிவ்வுங்குது."

ஜிவ்வுங்குது! அவனுடைய ஆறு வயது மகள் அந்த ஆம்ப்ளிஃபயர் மேல் சாய்ந்துதான் பாட்டு கேட்பாள். இரும்புப் பெட்டி. கீழே ஈரத் துணியால் துடைத்த தரை.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி உப்பளக் காற்று சும்மா இருக்காது. கம்பத்து இன்சுலேட்டர் மேல் உப்பு படியும். விடிகாலைப் பனியில் அது நனைந்தால் கரண்ட் அதன் வழியே கசியும், பொறி பறக்கும். நல்ல மழை வந்து கழுவும்வரை இந்தக் கூத்துதான். இலங்கை வானொலியை மீடியம் வேவில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மின்கம்பியிலிருந்து வரும் கரகரப்பு புதிதல்ல. அந்த அழுக்கில் ஒரு பகுதியை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வடிகட்டும் என்பதும் நிஜம்.

அது என்ன சாதனம்? ஒரே இரும்புக் கருவில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வயர் தொடர்பு கிடையாது. காந்தப் புலம் வழியாகத்தான் மின்சாரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. நடுவே ஒரு தாமிரத் தகட்டை வைத்து அதை எர்த்தில் கட்டியிருந்தால், வெளியிலிருந்து வரும் சில்லறை இரைச்சல் அதில் இறங்கிவிடும். கவனியுங்கள், எர்த்தில் கட்டியிருந்தால்! உங்கள் வீட்டில் எர்த்தே இல்லை என்றால் அந்தத் தகடு வெறும் தகடு. இன்னொன்று, இது ஸ்டெபிலைசர் அல்ல. உள்ளே 190 வோல்ட் போனால் வெளியேயும் ஏறக்குறைய அதேதான் வரும். கரண்ட் போனால் இதுவும் போகும். விற்கிறவர்கள் இதையெல்லாம் பெரும்பாலும் மூச்சுவிட மாட்டார்கள்.

இந்தச் சாதனத்தின் பரம்பரை மிகக் கௌரவமானது. பழைய பிக்சர் டியூப் டி.வி.க்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேசிஸ் நேரடியாக மின்சாரத்தோடு சேர்ந்திருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதில் கை வைக்க மாட்டார். ஆபரேஷன் தியேட்டர்களில் இதே தத்துவத்தில் தனி சப்ளை கொடுப்பார்கள், ஒரு வயரில் கோளாறு வந்தாலும் மேஜையில் கிடக்கும் நோயாளிக்கு ஷாக் அடிக்காமல் இருக்க. உயிரைக் காக்கும் வேலைக்குப் போன சாதனம் ஐயா இது! நாம் என்ன செய்கிறோம்? உயிர் காக்கும் எர்த் பின்னை உடைத்துப் போட்டுவிட்டு, பாட்டு சுத்தமாகக் கேட்க இதை வாங்குகிறோம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் பற்று-வரவு. அதை வைத்தே சொல்கிறேன். ஃபேஸில் போகிற கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கசிகிறது. ஆர்.சி.சி.பி. என்று போர்டில் ஒரு சுவிட்ச் வைக்கிறார்களே, அது ஒரு ஆடிட்டர். போனதுக்கும் வந்ததுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கணக்கை மூடிவிடும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்பது தனி கம்பெனி ஆரம்பிப்பது மாதிரி. அதற்கு அப்பால் நடக்கும் கசிவு இந்தப் பக்கத்து ஆடிட்டர் கண்ணில் படாது. விவரம் தெரியாத ஆள் அதன் வெளிமுனை ஒன்றை எர்த்தில் கட்டிவிட்டுப் போனால், அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஓர் ஆடிட்டர் வேண்டும். அறுபத்தைந்தாயிரம் ரூபாய் பில்லில் அது இருந்ததா என்றால், இல்லை.

மறுநாள் உள்ளூரில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். முப்பது வருஷமாக வயரிங் வேலை. வந்ததும் ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகவில்லை. "அண்ணாச்சி, எர்த் குழி எங்க இருக்கு?" என்றார். அத்தை மகன் விழித்தான். கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மண் மூடிக் கிடந்தது. தோண்டினால் குழாயில் பாதி துருவாக உதிர்ந்தது. எர்த் வயர் அதைத் தொடவே இல்லை, எப்போதோ அற்றுப்போயிருந்தது.

நம் ஊரில் எர்த் குழி என்றால் எட்டடி இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போடுவார்கள். மண் ஈரமாக இருந்து மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். அதே உப்புதான் குழாயையும் தின்னும். உப்புக் காற்று ஊரில் கேட்கவே வேண்டாம். போட்டதோடு மறந்துவிடுகிற சமாசாரம் இல்லை அது.

உறுமலின் ரகசியம் அங்கேதான் இருந்தது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், எர்த் வயர் வழியே ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு வந்து, அதில் மாட்டியிருந்த கேபிள் டி.வி. வயரின் வெளிவலையைப் பிடித்துத் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. போகிற வழியில் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்'. பின்னை உடைத்ததும் வழி அடைபட்டது, சத்தம் நின்றது. வியாதி நிற்கவில்லை, வலி மட்டும் நின்றது.

புதுக் குழி, புதுக் கம்பி, புது ஆர்.சி.சி.பி., உடையாத மூன்று பின். கூலியோடு பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. உறுமல் லேசாக மிச்சம் இருந்தது. கேபிள் வயரைப் பிடுங்கினோம். சுத்தமாக அமைதி! அந்த வயருக்கு நடுவே மாட்ட விரல் நீள ஐசொலேட்டர் ஒன்று கிடைக்கிறது, சில நூறு ரூபாய். அதற்குள்ளும் அதே தத்துவம்தான். ஆடியோ லைனுக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. திருவிழா மைக் செட்காரர்களைக் கேளுங்கள், மேடைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே எதை மாட்டி உறுமலை நிறுத்துகிறார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

"இவ்வளவு சொல்கிறீரே, ஜப்பானில் பார்த்தீரா?" என்று சில ஆடியோ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பார்த்தேன். எண்பது வயது தாண்டிய ஒரு வழக்கறிஞர், இசை சுத்தமாகக் கேட்கவேண்டும் என்று தன் வீட்டுக்கு மட்டும் தனி மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்துக்கொண்ட செய்தி 2016-ல் உலகம் பூராவும் வந்தது. அவர் காசு, அவர் காது. அஸ்திவாரத்தைச் சரிபார்த்துவிட்டு மாடி கட்டுகிறவரோடு எனக்கு என்ன சண்டை? அஸ்திவாரமே இல்லாமல் மொட்டை மாடியில் கார்டன் போடுகிற நம்மோடுதான் சண்டை.

வீடு கட்டும்போது வாஸ்து பார்க்கிறோம். ஈசானிய மூலையில் போர்வெல், அக்னி மூலையில் அடுப்பு. எர்த் குழி எந்த மூலை என்று ஒருவராவது மேஸ்திரியைக் கேட்டிருக்கிறோமா? மூன்று துளை சாக்கெட்டுக்குப் பின்னால் இரண்டே வயர் வைத்து மூடிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டைல்ஸில் ஒரு கீறல் விழுந்தால் சண்டை போடுகிற நாம், சுவருக்குள் திருடப்பட்ட அந்த மூன்றாவது வயரைப் பற்றி வாயே திறப்பதில்லை. மின்சாரம் தருபவர் வீட்டில் ஒரு எர்த் முனை தந்தாக வேண்டும் என்று 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010-ல் வந்த புது விதிகளிலும் அது தொடர்ந்தது. உங்கள் மீட்டர் பெட்டியில் அந்த முனை இருக்கிறதா? இல்லை என்றால் எழுதிக் கேட்டீர்களா? தண்ணீர் சரியில்லை, கேன் வாங்கு. கரண்ட் சரியில்லை, பெட்டி வாங்கு. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதைவிட வாங்குவது நமக்குச் சுலபமாகப் போய்விட்டது.

போன வாரம் அத்தை மகன் போன் செய்தான். அதே கடைக்காரர் இப்போது ஒரு பவர் கார்டு காட்டியிருக்கிறார். ஒன்றரை மீட்டர், இருபத்திரண்டாயிரம் ரூபாய், தங்க முலாம்.

"வாங்கட்டுமா அத்தான்?"

அதில் எத்தனை பின் இருக்கிறது என்று எண்ணிவிட்டுச் சொல்லச் சொன்னேன்.