கரும்பொன்னும் செம்பொன்னும்

பொன் என்னும் சொல் இக்காலத்தில் ஓர் உலோகத்தையே குறிக்கின்றது. பழந்தமிழிலோ அஃது உலோகம் என்னும் பொதுப்பொருளிலும் வழங்கிற்று. அதனாலேயே இரும்பு கரும்பொன் எனவும், வெள்ளி வெண்பொன் எனவும் பெயர் பெற்றன. ஐம்பொன்னால் வார்த்த திருமேனி என நாம் கூறுவதும் அவ்வழக்கின் எச்சமே. பெயரால் ஒரு குடியினவாகிய கரும்பொன்னும் செம்பொன்னும் பிறப்பால் ஒரு குடியின அல்ல. அவை எங்குப் பிறந்தன என்பதைச் சென்ற நூறாண்டுக்குள் அறிஞர் ஆராய்ந்து கண்டனர். அவ்வரலாற்றையும், அதனைத் தமிழ் மாணவர் ஏற்க வேண்டிய முறைபற்றி யான் கொண்ட கருத்தையும் ஈண்டுக் கூறுவேன்.

ஐம்பூதங்களை வகுத்த நம் முன்னோர் தனிமங்களின் தோற்றத்தையும் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். கேட்போரும் கைதட்டி மகிழ்கின்றனர். எனக்கோ அஃது உடன்பாடன்று. நூலில் இல்லாத பொருளை நூலின்மேல் ஏற்றுதல் உரையாசிரியர்கள் கடிந்த குற்றம். நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்னும் பகுப்பு, உலகம் நம் ஐம்புலன்களுக்குத் தோன்றும் முறையோடு இயைந்தது. தனிமப் பகுப்போ, பொருளைப் பிரித்துப் பிரித்து, மேலும் பிரிக்கலாகாத எல்லையில் நிறுத்தியது. நீர் இரண்டு தனிமங்களின் கூட்டம்; வளி பல வாயுக்களின் கலவை; தீ ஒரு பொருளே அன்று, ஒரு நிகழ்ச்சி. வேறு வினாவுக்குப் பிறந்த விடையை இங்குக் கொணர்ந்து பொருத்துதல் முன்னோர்க்குப் பெருமை ஆகாது. அன்றியும், இப்பொய்ப்பெருமையை நம்பி வளர்ந்த மாணவன் ஒருநாள் உண்மை உணர்வானாயின், பழநூல்களில் மெய்யாகவே உள்ள நலத்தையும் சேர்த்து இகழ்வான். எனக்கு அச்சம் தருவது அதுவே.

முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற வேறொரு கருவி உண்டு. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைக் கூறுகின்றேன். மலைமேற் புகையைக் கண்டு, ஆண்டுத் தீ உண்டெனத் துணிதல் கருதலளவை. விண்மீனுக்குள் எவரும் சென்று பார்த்திலர். அங்கு நிகழ்வதை அறிந்ததெல்லாம் புகை கண்டு தீயை அறிந்த முறையினாலேயே.

இங்குப் புகையாய் நின்றது ஒளி. ஒவ்வொரு தனிமமும் ஒளியின் நிறமாலையில் தனக்கே உரிய வரிகளைக் காட்டும். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் ஜான்சன் என்னும் பிரெஞ்சு வானியலார் ஞாயிற்றின் ஒளியை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் லாக்கியர், அவ்வொளியிற் கண்ட மஞ்சள் வரி அறிந்த தனிமம் எதற்கும் உரியதன்று எனத் துணிந்தார். அத்தனிமமே ஹீலியம். மண்ணுலகில் அது 1895-ஆம் ஆண்டிலேதான் அகப்பட்டது. பின்னர், 1925-ஆம் ஆண்டில், சிசீலியா பெயின் என்னும் இளம்பெண், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என நிறுவினார். மூத்த வானியலார் ஒருவர் அதனை மறுத்து, நான்காண்டு கழித்துத் தாமும் அம்முடிவுக்கே வந்தார்.

அவ்விரண்டு தனிமங்களும் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டம் தோன்றிய முதற் சில நிமிடங்களிலேயே உண்டாயின. எஞ்சிய தனிமங்களும் அப்பொழுதே உண்டாயின என்று 1948-ஆம் ஆண்டில் காமோவும் ஆல்ஃபரும் கருதினர். ஆனால் ஐந்து துகளோ எட்டுத் துகளோ கொண்ட அணுக்கரு நிலைத்து நிற்பதில்லை; ஏணியில் இரண்டு படிகள் இல்லாமையால் ஏற்றம் அங்கேயே தடைப்படும். விண்மீன்களே உலைக்களம் என்றனர் ஹாயில் முதலிய வேறு சிலர். எக்கட்சி மெய்? எதற்கும் புகை ஒன்று வேண்டுமன்றோ!

அப்புகையை 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெரில் என்பார் கண்டார். சில செந்நிற விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியம் என்னும் தனிமத்தின் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. டெக்னீசியம் நிலையற்றது, அதன் வகைகளுள் நெடிது வாழ்வதும் 42 லட்சம் ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். அவ்விண்மீன்களோ அதனினும் பன்மடங்கு முதியவை. அவை பிறக்கும்போதே டெக்னீசியத்தைப் பெற்றிருப்பின் அது முற்றும் அழிந்திருக்கும். ஆதலின் அண்மையில் அவ்விண்மீனுக்குள்ளேயே அது சமைந்திருத்தல் வேண்டும். எவ்வளவு எளிய வழக்கு! அளவை நூல் கற்ற எவனும் இதனை மறுக்க இயலாது. 1957-ஆம் ஆண்டில் பர்பிட்ஜ் இணையர், ஃபவுலர், ஹாயில் ஆகிய நால்வரும் இச்சமையல் முழுவதையும் ஒரு நெடுங்கட்டுரையில் வகுத்துரைத்தனர்.

விண்மீனின் நடுவே ஹைட்ரஜன் கூடி ஹீலியமாகின்றது. வெப்பம் பத்துக் கோடி பாகை அளவை எட்டின், மூன்று ஹீலியக் கருக்கள் கூடிக் கார்பன் ஆகின்றன. பெரிய விண்மீனாயின், ஆக்சிஜன், சிலிக்கன் எனப் படிப்படியே ஏறி இரும்பில் முடியும். ஞாயிற்றைப்போல் இருபத்தைந்து மடங்கு நிறையுள்ள விண்மீன், ஹைட்ரஜனை எரித்துத் தீர்க்க ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டு கொள்ளும். சிலிக்கன் இரும்பாதற்கோ ஏறக்குறைய ஒரு நாள் போதும் என்பது கணக்கு. இரும்புக் கருக்கள் கூடினால் ஆற்றல் பிறவாது. மாறாக ஆற்றல் செலவாகும். அடுப்பு அணைகின்றது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், 1930-ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிற் கணக்கிட்ட எல்லை இங்குப் பயன்படும்: எரிந்தடங்கிய கரு ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை மிஞ்சின் தன் எடையைத் தானே தாங்காது. பெருமீனின் இரும்புக் கரு நொறுங்க, விண்மீன் வெடிக்கின்றது. அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன்களும் வேறொரு முறையில் வெடிக்கின்றன. இவ்விருவகை வெடிப்புகளுமே இரும்பை வான்வெளியில் இறைப்பன. 1983-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைச் சந்திரசேகரும் மேற்கூறிய ஃபவுலரும் பகிர்ந்து பெற்றனர்.

மாணவர்களே! தனிம அட்டவணையை நீங்கள் மனப்பாடம் செய்கின்றீர்கள். யான் நிகண்டை உருவேற்றி வளர்ந்தவன். ஆதலின் மனப்பாடத்தை இகழேன். ஆயினும் அவ்வட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் ஊரும் பிறப்பும் உண்டு என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேட்டறிக. நும் குருதியிலுள்ள இரும்பு விண்மீன் வெடிப்பில் வந்தது. நீவிர் பருகும் நீரிலுள்ள ஹைட்ரஜன் எவ்விண்மீனுக்கும் மூத்தது.

இனி, செம்பொன். இரும்புக்கு மேற்பட்ட பொன் போன்ற தனிமங்கள் பிறக்க, அணுக்கருவின்மேல் நியூட்ரான்கள் மழையெனச் சொரிதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வலை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகளிற் பதிந்தது. மோதிய இடத்தின் ஒளியும் தொலைநோக்கிகளுக்கு அகப்பட்டது. அவ்வொளி மங்கிச் சிவந்த முறை கனத்த தனிமங்களின் பிறப்பைக் காட்டிற்று. 2019-ஆம் ஆண்டில் ஸ்ட்ரான்சியத்தின் வரிகளும் அதில் இனங்காணப்பட்டன. பொன்னின் வரி அங்குத் தனியே தெரிந்திலது. அஃது ஆண்டுப் பிறந்தது என்பது கருதலளவையால் துணிந்ததே. அம்மோதல் ஒன்றே பொன்னுக்குப் பிறப்பிடம் என்பதும் இல்லை. மிகு காந்தமுடைய நியூட்ரான் விண்மீன் ஒன்று 2004-ஆம் ஆண்டில் வீசிய பேரொளியை மீண்டும் ஆராய்ந்தோர், அங்கும் இத்தகைய தனிமங்கள் உண்டாயின என 2025-ஆம் ஆண்டில் அறிவித்தனர். எவ்வுலையிலிருந்து எவ்வளவு பொன் வந்தது என்னும் கணக்கை வானியலார் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.