பருத்திக்கு அடிக்கிற மருந்தைப் படுக்கைக்கு அடிக்காதீங்க

இந்த வாரம் முருங்கை விலை விழுந்ததைப் பத்தி எழுதலாம்னுதான் உக்காந்தேன். ஆனா முந்தாநாள் பக்கத்துத் தோட்டத்துல பார்த்தது மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அதை இறக்கி வெச்சாத்தான் வேற எழுத வரும்.

பங்காளி வீடுதான். மக பிரசவத்துக்கு வந்து, பேரன் பொறந்து நாப்பது நாள் ஆச்சு. வீட்டுல மூட்டைப்பூச்சி. குழந்தைக்கு முதுகுல, கையில வரிசை வரிசையா தடிப்பு. ராத்திரி முழுக்க அழுகை. நான் போன நேரம் அண்ணன் கைத்தெளிப்பானை வெச்சுக்கிட்டு கட்டில் சந்து, மெத்தை ஓரம், தொட்டில் கம்புன்னு ஒரு இடம் விடாம புஸ்ஸு புஸ்ஸுனு அடிச்சுக்கிட்டிருந்தார். வாசல்ல கால் வெச்சதுமே வாடை தெரிஞ்சுபோச்சு. மூலனூர்ப் பக்கம் முப்பது வருசம் பருத்தி வெச்சவனுக்குப் புரோபனோபாஸ் வாடை தெரியாதுங்களா? "ஏனுங்கண்ணா, என்ன பண்றீங்க?"ன்னேன். "காட்டுக்கு வாங்குனதுல கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. வீணா எதுக்குப் போகணும்?"ங்கறார்.

வீணாப் போகக் கூடாதாம். குழந்தை போனாப் பரவாயில்லையா? இதை நேராவே கேட்டுட்டேன். ரெண்டு நாளா என்கூடப் பேசறதில்லை. பேசாட்டிப் போகட்டும். இன்னைக்கு ஊருக்கே சொல்றேன்.

மருந்து அடிச்ச காட்டுக்குள்ள நாம மாட்டை விடுவமா? வரப்புல புல்லு அறுத்துப் போடவே யோசிக்கிறோம். பக்கத்துக் காட்டுக்காரர் அடிச்சார்னா ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டாம நாலு நாள் கட்டிப் போடறோம். ஆட்டுக்கு இருக்கிற மரியாதை பெத்த பிள்ளைக்கு இல்லை. மருந்து குடிச்ச மெத்தை மேல துணியை விரிச்சுக் குழந்தையைப் படுக்க வெக்கிறோம். காட்டுலயாவது வெயில் அடிக்குது, காத்து வீசுது, மழை பேஞ்சு கழுவுது. மருந்து கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு போகும். மெத்தைப் பஞ்சுக்குள்ள போன மருந்துக்கு ஏதுங்க வெயிலும் மழையும்? அங்கேயே கிடக்கும். எட்டு மணி நேரம் அது மேல மூக்கை வெச்சுப் படுக்கிறோம். வேர்வையில உடம்பு நனைஞ்சா இன்னும் சுலபமாத் தோல் வழியா இறங்கும். குழந்தை துணியைப் பிடிச்சு வாயில வெச்சுச் சப்பும்.

பாட்டில்ல முக்கோணம் போட்டிருக்கிறது எதுக்கு? சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு விஷத்தோட வேகத்துக்குத் தகுந்த மாதிரி நிறம். எந்தப் பயிருக்கு, எத்தனை மில்லி, அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்னு எல்லாம் எழுதியிருக்கும். "கட்டிலுக்கு அடிக்கவும்"னு எந்தப் பாட்டில்ல படிச்சீங்க?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டா, யோக்கியதை இல்லை. பட்ட புத்திதான் இருக்கு. 2003-ல நானும் இதே வேலையைப் பண்ணினேன். அந்த வருசம் மழை இல்லை, பருத்தி காஞ்சுபோச்சு, வாங்கின மோனோகுரோட்டோபாஸ் பாட்டில்ல பாதி நின்னுபோச்சு. எங்கய்யன் படுக்கிற கயித்துக் கட்டல்ல மூட்டைப்பூச்சி மொய்க்குது. தண்ணியில கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ல தொட்டு, கயிறெல்லாம் தடவி விட்டேன். நாள் முழுக்கக் காய வெச்சேன், வாடை போயிருச்சுன்னு நெனச்சேன். விடியக்காலை அம்மா கூப்பிட்ட கூப்பாட்டுல எந்திரிச்சு ஓடினா, அய்யனுக்கு வாயில எச்சில் ஒழுகுது, உடம்பெல்லாம் வேர்வை, எந்திரிக்க முடியலை, கண்ணுப் பாப்பா கடுகாட்டம் சுருங்கிக் கிடக்குது. பங்காளி காரைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கேட்ட உடனே டாக்டர் "என்ன மருந்து"ன்னார். நான் வாயைத் திறக்கலை. வெட்கம். பொண்டாட்டிதான் சொன்னா. அட்ரோபின் ஊசி மாத்தி மாத்திப் போட்டு அஞ்சு நாள் வெச்சிருந்தாங்க. அய்யன் பிழைச்சு வந்தார். வந்து என்னை அடிக்கலை, திட்டலை. "பருத்திப் புழுவும் நானும் உனக்கு ஒண்ணாடா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டார். அப்பறம் பத்து வருசம் இருந்தார். அந்தக் கட்டல்ல அவர் படுக்கவே இல்லை, திண்ணையிலதான் படுத்தார்.

அந்த மாதிரி ஆயிருச்சுன்னா ஒண்ணு செய்யுங்க. போட்டிருக்கிற துணியைக் கழட்டிப் போட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. என்னை மாதிரி வாயை மூடிக்கிட்டு நிக்காதீங்க.

இதை விடக் கொடுமை மாத்திரை. தானிய மூட்டைக்கு வெக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டலுக்கு அடியில வெச்சுட்டுக் கதவைச் சாத்துறாங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டதும் அதுல இருந்து பாஸ்பின்னு ஒரு வாயு கிளம்பும். கதவுச் சந்து வழியா அடுத்த அறைக்குப் போகும், ஒட்டு வீடா இருந்தா அடுத்த வீட்டுக்கும் போகும். அதுக்கு முறிவு மருந்தே கிடையாது. அரசாங்கக் கிட்டங்கியும், அனுமதி வாங்கின பூச்சி ஒழிப்புக்காரங்களும்தான் அதைக் கையாளணும்னு உத்தரவு இருக்கு. ஆனா வெத்தலை பாக்கு மாதிரிக் கைக்குக் கிடைக்குது. நுவான்னு நாம கேட்டு வாங்கின டைக்குளோர்வாஸ், மூட்டைக்கு அதுதான்னு ஊரே சொன்ன மருந்து. 2020 டிசம்பர் 31-க்கு அப்பறம் அது கூடாதுன்னு மத்திய அரசு நிறுத்திருச்சு. இன்னும் எத்தனை வீட்டுப் பரண்ல பழைய பாட்டில் நிக்குதோ.

2024 நவம்பர்ல சென்னை குன்றத்தூர்ல எலிக்குன்னு வெச்ச மருந்தால ரெண்டு சின்னக் குழந்தைங்க போயிட்டாங்க. பெத்தவங்க ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அது எலி, இது மூட்டை. படுக்கிற அறைக்குள்ள விஷத்தை விடறது ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

மருந்துக்கடைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. குடிதண்ணி பாட்டில்ல ஐம்பது மில்லி ஊத்திக் குடுக்கறீங்களே, அதுல பேர் இருக்கா, முக்கோணம் இருக்கா? "மூட்டைக்குங்க"ன்னு கேட்டு வர்றவங்ககிட்ட "இது காட்டு மருந்து, வீட்டுக்கு ஆகாது"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, அடிச்சாலாவது சாகுதா? அதுவும் இல்லை. காய்ப்புழுக் கதை நமக்குத் தெரியாததா? தொண்ணூறுகள்ல பருத்தியில பச்சைக் காய்ப்புழு விழுந்தப்போ முதல்ல ஒரு மூடி, அப்பறம் ரெண்டு மூடி, அப்பறம் ரெண்டு மருந்தைக் கலந்துன்னு போனோம். கடைசியில புழு நின்னுச்சு, நாம கடன்ல விழுந்தோம். மூட்டை அதுக்கும் முன்னோடி. டிடிடி வந்த புதுசுல, 1947-லயே ஹவாய்ல ராணுவக் குடியிருப்புல இருந்த மூட்டைக்கு டிடிடி ஏறலை. நம்ம ஊர்ல மலேரியாவுக்கு வீடு வீடா டிடிடி அடிச்சுச் செவுத்துல தேதி எழுதிட்டுப் போவாங்களே, "அது அடிச்ச பின்னாடிதான் மூட்டை பகல்லயே வெளிய வர ஆரம்பிச்சுது"ன்னு எங்கப்பத்தா சொல்லும். இப்பக் கடையில விக்கிற ஸ்பிரேக்கும் நிறைய மூட்டை பழகிப்போச்சு. சாகாதது வாடைக்குத் தப்பி அடுத்த அறைக்குப் போகும். ஒரு கட்டல்ல இருந்ததை வீடு முழுக்க விதைச்ச மாதிரிதான்.

இன்னொண்ணு. மூட்டை அரிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சொறிஞ்சு புண்ணாகும். ஆனா கொசு மாதிரி அது மனுசனுக்கு வியாதியைப் பரப்புறதா நிரூபணம் இல்லை. அரிப்புக்குப் பயந்து விஷத்தைக் கொண்டு வர்றோம்.

அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. சூடுங்க. ஐம்பது டிகிரிக்கு மேல சூடு ஏறினா மூட்டையும் தாங்காது, முட்டையும் தாங்காது. டிடிடிக்குப் பழகினது கொதிக்கிற தண்ணிக்குப் பழகலை.

முதல்ல எங்க இருக்குதுன்னு பாருங்க. மெத்தைத் தையல், கட்டல் மூட்டு, ஆணி ஓட்டை, தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி. மிளகுத்தூள் தூவின மாதிரிக் கரும்புள்ளி இருந்தா அது அதோட எச்சம். பக்கத்துலயே உரிச்ச தோலும், வெள்ளையா அரிசி நொய்யை விடச் சின்னதா முட்டையும் ஒட்டியிருக்கும். கட்டலைக் கழட்டிப் பொடக்காணிக்குக் கொண்டு போய், அண்டாவுல தண்ணியைக் கொதிக்க வெச்சு, சந்து சந்தா ஊத்துங்க. அப்பத்தா கயித்துக் கட்டலைச் சாய்ச்சு வெச்சு ஒரு பக்கம் ஊத்தும், கீழ விழுகிறதைச் சீமாத்துல அடிக்கும். கொதிக்கிற தண்ணியைத் தூக்கறப்போ குழந்தைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. துணி, போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிக்கிற தண்ணியில போடணும். மெத்தைத் தையல்ல இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணி மேல வெச்சு மெல்ல இழுத்தா ஆவி உள்ள இறங்கும்.

வெயில்ல போட்டாப் போதும்னு சொல்றவங்களுக்கு: வெறுமனே போட்டா மேல் பக்கம் சுட்டதும் அது அடிப்பக்கம் போய் ஒளிஞ்சுக்கும். நாத்தங்கால் மண்ணைப் பாலித்தீன் தாள் போட்டு மூடி வேக வெக்கிறோமில்ல, அதே முறைதான். கறுப்புத் தாள்ல சுத்தி, ஓரம் காத்துப் போகாமக் கட்டி, சித்திரை வைகாசி வெயில்ல களத்துல போடுங்க, நடுவுல திருப்பிப் போடுங்க. பாய், மெல்லிசு மெத்தை, பைக்கு இது சரி. தடிச்ச மெத்தைக்கு நடுவுல சூடு போய்ச் சேராது, அதை நம்பாதீங்க.

நொச்சி, வேப்பிலைன்னு சொல்றாங்க. நானும் போட்டுப் பார்த்தேன். இலை காஞ்சதுதான் மிச்சம். மண்ணெண்ணெய் ஊத்தறதும் வேண்டாம், ஒரு பீடி நெருப்புல வீடு போயிரும்.

ஒரு தடவையில தீராது. இதுலதான் எல்லாரும் தோத்துப்போறது. ஒரு பெட்டை தன் ஆயுசுல இருநூறு முட்டை வரைக்கும் வெக்கும். விட்டுப்போன முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல பொரியும். அதனால பத்து நாளைக்கு ஒருக்கா, ரெண்டு மாசம் விடாமச் செய்யணும். அது வரைக்கும் கட்டலைச் செவுத்தை விட்டுத் தள்ளிப் போட்டு, நாலு காலுக்கும் கிண்ணத்துல சோப்புத் தண்ணி வெச்சு, போர்வை தரையில தொங்காமப் பார்த்துக்கணும். ஆள் இல்லாத வீட்டைப் பூட்டி வெச்சாச் செத்துரும்னு நினைக்காதீங்க, மாசக்கணக்குல பட்டினி கிடக்கும்.

"இதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம்?"னு கேக்கறது எல்லாம் ஆம்பளைங்கதான். தெளிப்பானைத் தூக்கறது நாம, அண்டாத் தண்ணி சுமக்கறது பொம்பளைங்க. அதனாலதான் நமக்கு மருந்து சுலபமாத் தெரியுது. அண்டாவுக்கு ஒரு காதை நீங்களும் பிடிங்க. முடியலைன்னா உரிமம் இருக்கிற பூச்சி ஒழிப்புக்காரங்களைக் கூப்பிடுங்க. என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளிய இருக்கணும், குழந்தை இருக்குதுன்னு கேட்டு, எழுதி வாங்குங்க. பதில் சொல்லாதவரைத் திருப்பி அனுப்புங்க.

மூட்டை வந்ததை மறைக்கிறதும் ஒரு வியாதி. பொண்ணு பாக்க வர்றாங்க, வெளிய தெரிஞ்சாக் கேவலம்னு கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரியில மருந்து அடிக்கிறோம். இது அழுக்கால வர்றதில்லைங்க. பஸ் சீட்டுல, சினிமாக் கொட்டாய் நாக்காலியில, மில்லு ஹாஸ்டல்ல இருந்து வர்ற பையில, எதுலயும் தொத்திக்கிட்டு வரும். பங்காளி வீட்டுக்கு வந்தது திருப்பூர்ல மலிவா வாங்கின பழைய சோபாவுல. வித்த மகராசன் தெரிஞ்சேதான் வித்திருப்பார். அவர் கஷ்டம் இப்ப இவர் வீட்டுல. இவரும் அதைச் சந்தையில தள்ளிவிடலாம்னுதான் பேசிக்கிட்டிருந்தார். பழைய சாமான் வாங்கினா வாசல்லயே கவுத்துப் போட்டு, அடித்துணியைக் கிழிச்சுப் பார்த்துட்டு உள்ள கொண்டு வாங்க.

நேத்து சாயங்காலம் அவர் மக போன் பண்ணுச்சு. "சித்தப்பா, நான் பையனைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துரட்டுமா? அப்பன்கிட்டச் சொல்லாதீங்க"ன்னுச்சு. "வா கண்ணு, உங்கப்பன்கிட்ட நானே சொல்றேன். உடுத்தியிருக்கிறது, கொண்டு வர்றது எல்லாத்தையும் வாசல்லயே வெந்நீர்ல போட்டுட்டு உள்ள வா"ன்னு என் சம்சாரம் சொல்லியிருக்கா. மருந்து குடிச்ச மெத்தையைப் பிள்ளை பக்கம் கொண்டு போகக் கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு. தொட்டில் புதுசாக் கட்டிக்கலாம்.

நாளைக்கு அண்டாவும் தார்ப்பாயும் கொண்டு போய் அவர் வாசல்ல இறக்கப் போறேன். பேசாட்டியும் ஒரு காதைப் பிடிப்பார்னு நினைக்கிறேன். கறுப்புப் பாலித்தீன் தாள் என்கிட்ட இருக்கிறது கிழிஞ்சுபோச்சு. மல்ச்சிங் சீட் மிச்சம் வெச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா ஒரு பத்தடி குடுத்து உதவுங்க.